அம்மாவின் அறையில் இன்னொருவர் பெயர் வெட்டிய கிடாரம்

கொக்குவில்_கிழக்கு (இழையைத் தொடங்கியவர்)

அம்மா காலமாகி இன்று பதினேழாம் நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு இரண்டு கிழமை இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து வந்த தங்கச்சி, தன் விடுமுறை முடிவதற்குள் வீட்டை ஒதுக்கிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஒஸ்லோவில் இருக்கும் தம்பி, "எனக்கு ஒன்றும் வேண்டாம் அண்ணா" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டான். ஒன்றும் வேண்டாம் என்கிறவனுக்கு வேலையும் இல்லை.

ஒதுக்க ஒதுக்கக் குறையவில்லை. நாலு பேர் பிடித்தாலும் அசையாத முதிரைப் பெட்டகம். குத்துவிளக்கு நான்கு. தங்கச்சி வருடா வருடம் அனுப்பி, அம்மா பிரிக்காமலே அடுக்கி வைத்த போர்வைகள் ஆறு. ஐஸ்கிறீம் பெட்டிகள் எண்ணிக்கையில் அடங்காது. ஒரு பிஸ்கட் தகரம் நிறையக் கட்டை மெழுகுதிரிகளும் தீப்பெட்டிகளும். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் எங்களைப் படிப்பித்த மனுசி, மின்சாரம் வந்து இத்தனை வருடம் கழித்தும் அதை எறியவில்லை.

சாமி அறைக் கதவுக்குப் பின்னால், ஆணியில் ஒரு துணிப் பை. உள்ளே பொலித்தீனில் சுற்றிய காணி உறுதிக் கட்டு, எங்கள் மூன்று பேருடைய பிறப்புச் சான்றிதழ்கள், சாதாரண தரப் பெறுபேறுகள், ஒரு டோர்ச், ஒரு அட்டை பனடோல். எடுத்துக்கொண்டு ஓடுவதற்கான பை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போர் 2009இல் முடிந்தது. பனடோல் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், காலாவதி 2026 என்று இருந்தது. அம்மா அந்தப் பையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

இவ்வளவும் பரவாயில்லை. கட்டிலின் கீழே, சாக்கில் சுற்றி, ஒரு பித்தளைக் கிடாரம் இருந்தது. இரண்டு மரைக்கால் நெல் அவிக்கலாம். விளிம்பில் எழுத்து வெட்டியிருக்கிறது: "க. வே. மீ." எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் "சி. த. கொ." என்றுதான் இருக்கும். எங்கள் வம்சத்தில் மீயன்னாவில் தொடங்குகிற ஆளும் இல்லை, ஊரும் இல்லை.

தங்கச்சி, பழைய பித்தளை வாங்குகிறவருக்குப் போடுவோம் என்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்: 1996இல் திரும்பி வந்தபோது யாரோ ஒருவரின் வீட்டிலிருந்து அம்மா எடுத்திருப்பாரா? இதை என்ன செய்வது?


பனையடி

முதலில் ஆழ்ந்த அனுதாபங்கள், தம்பி.

நீங்கள் கேட்ட கேள்வியை யாழ்ப்பாணத்தில் பலர் தங்களுக்குள் கேட்டு, வாயைத் திறக்காமலே செத்துப்போனார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் வெளிக்கிட்டது. அரை வருடம் வீடுகள் திறந்து கிடந்தன. 1996 ஏப்ரல், மே மாதங்களில் வந்து பார்த்தால் கதவு நிலைகூட இல்லை. யார் எடுத்தது? இராணுவம் எடுத்தது என்று சொல்வது சுலபம். முந்தி வந்தவன் பிந்தி வந்தவனின் வீட்டில் எடுத்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

எங்கள் வீட்டுப் பெரிய அண்டாவில் அப்பாவின் முதல் எழுத்து வெட்டியிருந்தது. 1998இல் பக்கத்து ஒழுங்கையில் ஒரு செத்த வீடு. அங்கே தேநீருக்குத் தண்ணீர் கொதித்தது அந்த அண்டாவில். அம்மா பார்த்தார், நானும் பார்த்தேன். அந்த வீட்டுக்காரி அம்மா பார்த்ததைப் பார்த்தார். அம்மா தேநீரைக் குடித்துவிட்டு, எழும்பி வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து கேட்டேன், "ஏன் கேட்கவில்லை?" என்று. "அவளுக்கு இன்றைக்கு அண்டா தேவை" என்றார். அடுத்த நாளும் கேட்கவில்லை, அடுத்த வருடமும் கேட்கவில்லை. ஆனால் ஒன்று, அந்த வீட்டுக்காரி அதற்குப் பிறகு எங்கள் படலையைக் கடக்கும்போது குனிந்துதான் போவார். அண்டா எங்களிடம் இருந்திருந்தால் இவ்வளவு காலம் அதைப் பற்றி யோசித்திருக்க மாட்டோம்.

எழுத்தைப் பற்றி: எங்கள் பக்கத்தில் கடைசி எழுத்து ஊரைக் குறிக்கும். உங்கள் "கொ" கொக்குவில் என்றால், அந்த "மீ" தென்மராட்சியில் இருக்கிற மீசாலையாக இருக்கலாம்.


சுன்னாகச்_சந்தை

ஐயா பனையடி, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் நான் இந்தத் தலைமுறை ஆள், எனக்கு வேறு கேள்வி. கிடாரத்தை விடுங்கள். உங்கள் தலைமுறை எல்லாவற்றையும் இழந்து ஒன்றைக் கற்றிருக்க வேண்டும் அல்லவா? எதில் காசைப் போட்டால் தப்பும்?

நான் 2019இலிருந்து சேமித்து, 2022 தொடக்கத்தில் 10 இலட்சம் நிலையான வைப்பில் போட்டேன். நாலு மாதத்தில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். காசு அப்படியே இருந்தது, ஒரு சதம் குறையவில்லை. அதற்கு வாங்கக்கூடிய மோட்டார் சைக்கிள்தான் கடையை விட்டுப் போய்விட்டது. பெற்றோல் வரிசையில் இரவு படுத்திருந்தபோது யோசித்தேன், ஒருவரும் என்னிடம் களவெடுக்கவில்லை, ஆனால் களவு போய்விட்டது.


கணக்கப்பிள்ளை

வங்கியில் முப்பது வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 2022 பெப்ரவரியில் டொலர் 200 ரூபாய்ப் பக்கம். மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள், மே மாதம் 360. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. உங்கள் 10 இலட்சம் 5,000 டொலராக நித்திரைக்குப் போய், 2,800க்கும் குறைவாக எழும்பியது. அந்த செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம்.

உடனே எல்லோரும் பவுண் வாங்குங்கள் என்பார்கள். பவுண் நல்லதுதான். ஒரு பவுண் 8 கிராம், கை நிறைய இருந்தாலும் மடிக்குள் அடங்கும். ஆனால் அதைப் பெட்டியில் வைத்துப் பார்க்கும்போது இருக்கிற விலையும், தேவைப்படுகிற அன்று கிடைக்கிற விலையும் ஒன்றில்லை. 1995 நவம்பரில் சாவகச்சேரியில் என் மனைவியின் காப்பு ஒன்றை விற்கப் போனேன். எனக்கு முன்னால் ஐம்பது பேர், எல்லோர் கையிலும் காப்பு. வாங்குகிறவர் ஒருவர். அவர் சொன்னதுதான் விலை. ஆபத்து வந்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் வரும், தம்பி. அதைச் சந்தை விலைப் பலகையில் போட மாட்டார்கள்.


மயிலிட்டி_மகள்

நான் காணிக் கட்சி. பவுணும் போகும், காசும் போகும், மண் எங்கே போகும் என்று அப்பா சொல்வார்.

மண் போகவில்லை, நாங்கள்தான் போக முடியவில்லை. 1990 ஜூனில் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஒன்பது வயது. துறைமுகப் பக்கம் 2017 ஜூலையில்தான் இராணுவத்திடமிருந்து விடுபட்டது. 27 வருடம் அப்பா உறுதியைக் காவித் திரிந்தார். மல்லாகம் முகாமில் கொட்டில் ஒழுகும்போது எங்களை நனையவிட்டாலும் உறுதியை நனையவிட மாட்டார்.

2017இல் உள்ளே போனோம். வீடு இல்லை, எல்லைக் கல் இல்லை, கிணறு தூர்ந்துவிட்டது, ஆளுயரத்துக்குப் பற்றை. அப்பா உறுதியைப் பிரித்து வாசித்தார். பழைய உறுதி எப்படி எழுதியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: கிழக்கு எல்லை இன்னாரின் காணி, மேற்கு இன்னாரின் பெண்சாதியின் காணி, வடக்கு ஒழுங்கை. ஒழுங்கை இல்லை. கிழக்கு எல்லைக்காரர் தமிழ்நாட்டு முகாமில். மேற்கு எல்லைக்காரரின் பிள்ளைகள் பிரான்ஸில். முத்திரை, கையெழுத்து, இலக்கம் எல்லாம் சரியாக இருந்த உறுதி, பக்கத்து வீட்டுக்காரன் இல்லாமல் வெறும் கடதாசியாகிவிட்டது.

கடைசியில் எங்கள் காணியைக் காட்டியது யார் தெரியுமா? அந்தக் காலத்தில் அப்பாவோடு வேலிச் சண்டை பிடித்து நீதிமன்றம் வரை போன மனிதர். அவருக்குத்தான் எல்லை அங்குலம் அங்குலமாக ஞாபகம் இருந்தது. பிரான்ஸிலிருந்து மகனின் தொலைபேசியில் காணொளி அழைப்பில் வந்து, "அந்தப் பூவரசிலிருந்து பதினாலு அடி தெற்கே போ" என்றார். கதியால் நட்ட பூவரசு 27 வருடத்தில் பெரிய மரமாக நின்றது. அப்பா தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த மனிதர், "அழுதால் எல்லை மாறாது, பதினாலு அடிதான்" என்றார்.


சுன்னாகச்_சந்தை

மயிலிட்டி அக்கா, முதலீட்டு ஆலோசனை விளங்கிவிட்டது. நல்ல எதிரி ஒருவரைச் சேர்த்து வைக்க வேண்டும்.


கொழும்புத்துறை_அடியான்

பெரியவர்களே, பவுண், காணி, காசு, கிடாரம் எல்லாம் மாயை. எங்கள் ஊரில் இருந்த யோகர் சுவாமி ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "எப்பவோ முடிந்த காரியம்." கிடாரத்தைப் பற்றிக் கவலைப்படுகிற நேரத்தில் ஒரு திருமுறையைப் பாடுங்கள். அந்தத் தாயாருடைய ஆன்மாவுக்கு எந்தப் பித்தளையும் தேவையில்லை.


பனையடி

சுவாமியைப் பற்றி மரியாதை உண்டு. ஆனால் அடியான், உங்களுடைய போன பதிவில் நல்லூரில் நாலு பரப்புக் காணி விற்பனைக்கு என்று போட்டிருந்தீர்கள். பரப்பு என்ன விலை?


நெறியாளர்

காணி விலை, தரகர் தொடர்பு இரண்டும் வேறு பகுதியில். தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். துக்க வீட்டுக்காரர் ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார் என்பதை மறக்காதீர்கள்.


சோனகத்தெரு

இந்த இழையை இரண்டு நாளாக வாசிக்கிறேன். எழுதலாமா என்று யோசித்தேன். ஒக்டோபர் 30 என்ற திகதியை 1995 என்று எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் அதே திகதிக்கு 1990 என்று பெயர்.

சண்டைக்காக எழுதவில்லை. காலையில் புலிகளின் ஒலிபெருக்கி, முஸ்லிம்கள் எல்லோரையும் ஒஸ்மானியாக் கல்லூரி ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள், ஊரை விட்டுப் போக இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். சில நூறு ரூபாய்க்கு மேல் கொண்டுபோக முடியாது. உம்மாவின் காதில் கிடந்ததைக் கழற்றி வாங்கினார்கள். மேலே பவுண், காணி, காசு என்று அலசுகிறவர்களுக்கு: மூன்றும் ஒரே காலையில் போன ஆட்கள் உங்கள் ஊரிலேயே இருந்தோம்.

வாப்பா தையற்காரர். அன்றைக்குக் கடையில் பதினொரு பேரின் துணி இருந்தது. வெட்டியது பாதி, வெட்டாதது பாதி. அளவுக் கொப்பியை மட்டும் சாரத்துக்குள் சொருகிக்கொண்டு வந்தார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோது வீட்டைப் பற்றிப் பேச மாட்டார், கடையைப் பற்றிப் பேச மாட்டார். "பதினொரு பேரின் துணி அமானிதம்" என்பார். ஒப்படைக்கப்பட்ட பொருள், திருப்பிக் கொடுக்க வேண்டியது. தன்னுடைய இயந்திரங்கள் மூன்று போனதற்கு அவருக்குக் கணக்கு இல்லை, அடுத்தவனின் நாலு முழத் துணிக்குக் கணக்கு இருந்தது. எனக்கு அந்த வயதில் எரிச்சல்தான் வந்தது. எங்களை வெளியே போ என்று சொன்ன ஊரின் துணிக்கு எதற்குக் கவலை?

சமாதான காலத்தில், 2003இல், பாதை திறந்திருந்தபோது வாப்பா கொப்பியோடு யாழ்ப்பாணம் போனார். பதினொரு பெயரில் இரண்டு பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஒருவர் கதவைச் சாத்தவில்லை, ஆனால் உள்ளே கூப்பிடவும் இல்லை. மற்றவர், "அந்தத் துணியை விடுங்கள் நானா, இப்போது அளவெடுங்கள்" என்றார். எடுத்தார். இடுப்பு ஆறு அங்குலம் கூடியிருந்தது. புத்தளத்தில் தைத்து, பஸ்ஸில் ஆளிடம் கொடுத்து அனுப்பினார். காசு வாங்கவில்லை.

கொக்குவில் அண்ணா, உங்கள் அம்மா அதை எடுத்தாரா, யாரும் கொடுத்தார்களா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் சாக்கில் சுற்றிக் கட்டிலின் கீழே வைத்தவர் அதைத் தன்னுடையது என்று நினைக்கவில்லை. தன்னுடையது என்றால் அடுக்களையில் இருந்திருக்கும்.


பனையடி

சோனகத்தெரு, நீங்கள் எழுதியது நல்லது. இதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. 1990இல் நான் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தேன். ஐந்து சந்திப் பக்கம் அன்றைக்குப் போகவில்லை. போகாமல் இருந்ததைத்தான் சொல்ல முடிகிறது.


வன்னி_வெயில்

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். சுருக்கமாக.

புலிகள் நடத்திய தமிழீழ வைப்பகத்தில் காசு போட்டிருந்தோம், அம்மா அங்கே நகையும் அடைவு வைத்திருந்தார். பற்றுச்சீட்டு இன்னும் இருக்கிறது, வைப்பகம் இல்லை. 2025இல் இராணுவம் அந்தக் காலத்து நகைகளைப் பொலிஸிடம் ஒப்படைத்ததாகச் செய்தி வந்தபோது அம்மா பற்றுச்சீட்டைத் தேடி எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்தார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

2009இல், கடைசிச் சண்டைக்குள், மாத்தளனில் என் சங்கிலியைக் கொடுத்து ஒரு பெட்டி பால்மா வாங்கினேன். அந்தப் பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கிறான். அநியாய விலை என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.


ஓலைப்பெட்டி

கொக்குவில்_கிழக்கு அவர்களுக்கு நடைமுறை உதவி. அந்தியேட்டிக்குக் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், அடிப்பீர்கள்தானே? அதில் வழக்கமான வெண்பா, விருத்தம், "அன்னையே எங்கு சென்றாய்" எல்லாம் இருக்கட்டும். ஆனால் தயவுசெய்து வம்ச விபரத்தை ஒழுங்காகப் போடுங்கள். யாரைத் திருமணம் செய்தார் என்று எழுதப் பிடிக்காமல் விட்டுவிடுகிற பெயர்களையும் போடுங்கள். எத்தனை குடும்பங்களில் ஒரு மகள் கல்வெட்டிலிருந்து காணாமல் போயிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், பழைய கல்வெட்டுகளைச் சேர்க்கிறவன் நான்.

நூலக நிறுவனத்தார் 2005இலிருந்து இணையத்தில் நூல்களை ஆவணப்படுத்துகிறார்கள், நினைவு மலர்களையும் எடுக்கிறார்கள். ஒரு பிரதி கொடுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் போயின. அவற்றில் பிரதி வேறெங்கும் இல்லாத ஏடுகளும் இருந்தன. ஒரே ஒரு இடத்தில் பத்திரமாக வைப்பது என்பது பத்திரமே இல்லை என்று அந்த இரவு காட்டியது. அம்மாவின் உறுதிக் கட்டையும் படம் பிடித்து மூன்று பேரும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டகத்தை மட்டும் விற்காதீர்கள். கொழும்பிலிருந்து வந்து மலிவாக வாங்கிப்போய் விடுதி வரவேற்பறையில் வைக்கிறார்கள்.


கொக்குவில்_கிழக்கு

எல்லோருக்கும் நன்றி. சோனகத்தெரு எழுதிய கடைசி வரிக்குப் பிறகு இரவு நித்திரை வரவில்லை. காலையில் லண்டனில் இருக்கும் மாமிக்கு எடுத்தேன். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை, எண்பத்து மூன்று வயது, காது மந்தம். கிடாரம் என்று நாலு முறை கத்த வேண்டியிருந்தது.

1995இல் நாங்கள் நாவற்குழிப் பாலம் கடந்து மீசாலைக்குத்தான் போனோம். எனக்கு அப்போது இருபது வயது. அந்த இரவு நன்றாக ஞாபகம் இருக்கிறது: மழை, சைக்கிளின் பின்கரியரில் அப்பம்மா, ஒரு அடி வைக்கப் பத்து நிமிடம். மீசாலையில் ஒரு வீட்டுக்காரர் பின்பத்தியில் இடம் தந்ததும் ஞாபகம் இருக்கிறது. நான் இரண்டு கிழமையில் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து கொழும்புக்குப் போய்விட்டேன், மிச்சம் தெரியாது. மாமி சொல்கிறார்: அம்மா ஏப்ரல் வரை அங்கே இருந்தார். திரும்பி வரும்போது, "அங்கே ஒரு சட்டி பானையும் இருக்காது, இதைக் கொண்டுபோங்கள்" என்று அந்த வீட்டம்மா கிடாரத்தைக் கொடுத்துவிட்டாராம். அதில்தான் ஒரு வருடம் அம்மா சோறு, கஞ்சி, குளிக்கத் தண்ணீர் எல்லாம்.

2000ஆம் ஆண்டு தென்மராட்சியில் சண்டை வந்து சாவகச்சேரிப் பட்டணமே இடிந்தது. அது ஓய்ந்த பிறகு அம்மா கிடாரத்தோடு மீசாலைக்குப் போயிருக்கிறார். வீடு இல்லை, ஆட்களும் இல்லை. பருத்தித்துறைப் பக்கம் போனதாக யாரோ சொன்னார்களாம். திரும்பக் கொண்டுவந்து சாக்கில் சுற்றியிருக்கிறார்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில், "சாப்பிட்டீர்களா, மருந்து போட்டீர்களா, காசு வந்ததா?" என்பதோடு சரி.


சுன்னாகச்_சந்தை

மாமி சொல்வது உண்மை என்று எப்படித் தெரியும்? எண்பத்து மூன்று வயது. உங்கள் மனம் ஆறட்டும் என்று சொல்லியிருக்கலாம். கோபிக்க வேண்டாம்.


கொக்குவில்_கிழக்கு

கோபமில்லை தம்பி, எனக்கும் அந்த எண்ணம் வந்தது. அதனால்தான் மீசாலையில் படிப்பிக்கிற பழைய நண்பன் ஒருவனிடம் எழுத்துகளைச் சொன்னேன். இரண்டு நாள் எடுத்தது. அந்த வீட்டம்மா 2011இல் காலமாகிவிட்டார். மகள் அதே காணியில் வீட்டுத்திட்ட வீட்டில் இருக்கிறார். இன்று பின்னேரம் பேசினேன்.

பெயர் சொன்னேன், அம்மாவின் பெயர் சொன்னேன். ஞாபகம் இல்லை என்றார். "அந்த வருடம் எங்கள் பின்பத்தியில் ஐந்து குடும்பம் இருந்தது அண்ணா, யார் யார் என்று அம்மாவுக்குத்தான் தெரியும்." கிடாரம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "அடியில், ஒரு ரூபாய்க் குற்றி அளவில், ஈய ஒட்டு ஒன்று இருக்கிறதா?"

எழும்பிப் போய்ப் பார்த்தேன். இருந்தது.

வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அந்தியேட்டிக்கு அதில் பாயசம் காய்ச்சுவது வரை என் மனம் போய்விட்டது. அவர் சொன்னார்: "அம்மா அதைத் தந்துவிட்டதாக உங்கள் மாமி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் 2000க்கு முந்திய பொருள் என்று கையால் தொட ஒன்றும் இல்லை. ஒரு படம்கூட இல்லை. எனக்கு அது வேண்டும்."


மயிலிட்டி_மகள்

கொடுங்கள்.


கணக்கப்பிள்ளை

கொடுக்க வேண்டியதுதான். சட்டம் என்ன சொன்னாலும், இரவல் பொருளுக்கு மனச்சாட்சியில் காலாவதி இல்லை. காணிக்கு 10 வருட ஆட்சி என்று ஒரு கணக்கு இருக்கிறது. கிடாரத்துக்கு அப்படி ஒன்றை எந்த நொத்தாரிசும் எழுதவில்லை. ஒரு கேள்வி மட்டும்: அவர்கள் வீட்டில் மற்ற எல்லாம் போய், கொடுத்த கிடாரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதை எந்தப் பேரேட்டில், எந்தப் பக்கத்தில் பதிவது என்று முப்பது வருடம் வங்கியில் இருந்த எனக்குத் தெரியவில்லை.


கொழும்புத்துறை_அடியான்

நான் முந்தி எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அந்த இடத்தில் எழுதியிருக்கக் கூடாது. (நல்லூர்க் காணி விற்றுவிட்டது.)


கொக்குவில்_கிழக்கு

கடைசியாக ஒரு தகவல், பிறகு அந்தியேட்டி வேலை இருக்கிறது.

பித்தளைக்குப் போடுவோம் என்ற தங்கச்சி நேற்று முழுவதும் பழப்புளியும் சாம்பலும் போட்டு அதைத் தேய்த்தாள். ரொறன்ரோவில் பாத்திரம் கழுவ இயந்திரம் வைத்திருக்கிறவள். கை தோல் உரிந்துவிட்டது. வான் பிடிக்கலாம் என்றேன், பஸ்ஸில் போவோம் என்றாள். காலையில் இரண்டு பேரும் யாழ்ப்பாண நிலையத்தில் கொடிகாம பஸ் ஏறினோம். கிடாரம் எந்தத் தட்டிலும் அடங்கவில்லை, இருக்கையில் எங்கள் நடுவில் வைத்தோம். நடத்துநர் வந்து மூன்று டிக்கெட் கிழித்தார். "அது சாமான்தானே" என்றேன். "இருந்து வருகிறது ஐயா, நிற்கவில்லையே" என்றார். எடுத்தேன்.

நாவற்குழிப் பாலத்தைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தங்கச்சி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு 1995இல் பதினொரு வயது. "அப்பம்மாவின் குடை இங்கேதான் விழுந்தது" என்றாள். எனக்கு அது ஞாபகமே இல்லை.

அந்தப் பெண் வாசலில் நின்றார். நாங்கள் பேசுவதற்கு முந்தியே கிடாரத்தை வாங்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்விட்டார். விளிம்பு எழுத்தை விரலால் தடவுவார், அழுவார் என்று நாங்கள் நின்றோம். அவர் வாளியால் தண்ணீர் அள்ளி அதை நிரப்பினார். நிரப்பிவிட்டுக் குந்தியிருந்து அடியைப் பார்த்தார்.

"ஒழுகுகிறது" என்றார். "அப்போதும் ஒழுகியது. அம்மா இதோடு மாரடித்துக்கொண்டே இருப்பார்."

நல்ல புழுக்கொடியல் ஒரு பை தந்துவிட்டார், மாம்பழத்துக்கு இது காலமில்லை என்று மன்னிப்பும் கேட்டார். அந்தியேட்டிக்கு வருவதாகச் சொன்னார்.

இப்போது என் கேள்வி வேறு. சாவகச்சேரியிலோ கொடிகாமத்திலோ பித்தளைக்கு ஈய ஒட்டுப் போடுகிறவர் இன்னும் யாராவது இருக்கிறாரா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.